மூன்று விரல் சரிவு

என் பெருமையை முதலில் சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொல்ல வாய் வராது. ஜெர்மனியில் வுப்பர்டால் என்ற ஊரில் நான் வேலை செய்யும் பட்டறையில், லொறிகளின் பின்பக்கம் சாமான் ஏற்றி இறக்குகிற இரும்புத் தட்டுகளைத் திருத்துகிறோம். எண்ணெய் அழுத்தத்தில் ஏறி இறங்கும் தட்டுகள் அவை. பதினொரு வருடமாக என் கையால் போன எந்தத் தட்டும் ஒரு பக்கம் சரிகிறது என்று திரும்பி வந்ததில்லை. தங்கராசா கை வைத்தால் அது மட்டம் என்று முதலாளி வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லுவார். எனக்கும் தலைக்கனம் கொஞ்சம் இருந்தது. கொஞ்சம் என்ன, நிறையவே இருந்தது.

இப்படிப்பட்ட ஆளுக்குத்தான், நிலம் நேராக இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருக்கிற மனைவி. சுந்தரேஸ்வரி என்று பெயர், நான் ஈஸ்வரி என்பேன். தொண்ணூறாம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து வளவில் விமானம் குண்டு போட்டது. அவள் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. உட்காதுக்குள் மனிதரை நேரே நிறுத்தி வைக்கிற ஏதோ ஒன்று மட்டும் பழுதாகிவிட்டது. அடுத்த வருடம் மகள் ஆதிரையையும் அவளையும் நான் இங்கே எடுப்பித்தபோது, ஊசி போட்டுத் தூங்க வைத்துத்தான் கொண்டுவந்தார்கள். சரிவான நிலத்தில் கால் வைத்தால் உலகம் சுற்றும், வாந்தி வரும், விழுவாள். வந்து சேர்ந்த ஊரோ வுப்பர்டால். இங்கே வீதி என்றால் ஒன்று ஏற்றம், இல்லாவிட்டால் இறக்கம். ரயில்கூட ஆற்றுக்கு மேலே தொங்கி ஆடிக்கொண்டு போகிறது. அவள் ஆறு வருடமாக இரண்டாம் மாடியில் எங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தாள்.

வீட்டுக்குள்ளும் சில நாளில், "இஞ்சாருங்கோ, நிலம் சரியுது" என்பாள். நான் பட்டறையில் இருந்து கொண்டுவந்த நீர்மட்டத்தை, மட்டம் பார்க்கிற தடியை, எடுத்து அவள் காலடியில் வைப்பேன். கண்ணாடிக் குழாய்க்குள் குமிழ் நடுவில் வந்து நிற்கும். அவள் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். கொஞ்ச நேரத்தில் சுற்று அடங்கிவிடும். டொக்ரர்மார் தந்த மாத்திரை எதுவும் செய்யாத வேலை அது. ஒரு டொக்ரர் காதில்தான் பிழை என்றார். இன்னொருவர், காதில் இருக்கிற பிழைக்கு இவ்வளவு வராது, மிச்சம் மனதில்தான் என்று கடிதமே எழுதித் தந்தார். அந்தக் கடிதத்தை ஈஸ்வரி என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு மடித்து, சேலைகளுக்கு அடியில் வைத்தாள்.

தொண்ணூற்றேழாம் ஆண்டு தைமாதம் ஆதிரைக்குக் கலியாணம் பேசி முற்றானது. மாப்பிள்ளை சுகிர்தனுக்கு ஆஹென் நகரத்தில் வேலை. ஆவணி மாதம் அங்கேயே ஒரு மண்டபத்தில் தாலிகட்டு. மகள் என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"அப்பா, அம்மா இல்லாமல் நான் மணவறையிலை எப்பிடி இருக்கிறது?"

எங்கள் முறையில் மகளைத் தாரை வார்த்துக் கொடுக்கிறபோது தாய்தான் தண்ணீர் வார்க்க வேண்டும். மனைவி பக்கத்தில் இல்லாத தகப்பன் அந்த இடத்தில் நிற்க ஏலாது. வேறொரு தம்பதிதான் செய்ய வேண்டும். மகளுக்கு நான் அன்று பெரிய வாக்குறுதி கொடுத்தேன். அம்மாவைக் கொண்டுவருவது என் பொறுப்பு என்றேன்.

எனக்கு ஒரு யோசனை இருந்தது. காருக்குப் பின்னால் கொளுவி இழுக்கிற வீட்டு வண்டி, ஜெர்மன்காரர் வோன்வாகன் என்பார்கள், அப்படிப் பழசு ஒன்றை வாங்கி மண்டப வாசலில் நிறுத்த வேண்டும். ஈஸ்வரி காரில் கண்ணை மூடிப் படுத்துக்கொண்டு வந்து, முதல் நாளே அதற்குள் போய்ச் சுற்று அடங்கும்வரை கிடக்கலாம். தாலிகட்டு நேரம் பத்தடி நடந்து மண்டபத்துக்குள் வந்தால் போதும். ஆனால் அந்த வண்டியின் தரை எங்கே நிறுத்தினாலும் துளி சரிவில்லாமல் இருக்க வேண்டும்.

அதற்கும் வழி இருந்தது. பட்டறையின் பின்வளவில், அமெரிக்கச் சிப்பாய் ஒருவனுடைய பெரிய பயண வண்டி மோதுண்டு கிடந்தது. அதன் அடியில் வண்டியைத் தூக்கிப் பிடிக்கிற நாலு ஹைட்ரோலிக் ஜக்குகள், ஒரு பம்ப், ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி. பொத்தானை அமத்தினால் நாலு கால்களும் தானாக இறங்கும். எந்தப் பக்கம் பள்ளமோ அந்தப் பக்கத்தை உயர்த்தி, மட்டம் வந்ததும் நின்றுவிடும். பெட்டியில் பச்சை விளக்கு எரியும். முதலாளி, கழற்றி எடு என்றார். மாசியில் தொடங்கி சனிக்கிழமை தவறாமல் வேலை செய்தேன். ஜக் தாங்கும்படி வோன்வாகனின் அடிச்சட்டத்துக்கு இரும்புத் தகடு உருக்கி ஒட்டினேன். பம்பைக் கட்டிலுக்கு அடியில் பூட்டினேன். வாகனப் பரிசோதனைக்கு வந்தவர் ஒட்டு ஒவ்வொன்றையும் லைற் அடித்துப் பார்த்துவிட்டு, இதை யார் செய்தது என்று கேட்டார். நான்தான் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

கடைசியாக ஒரே ஒரு வேலை. எது மட்டம் என்று அந்தப் பெட்டிக்குத் தானாகத் தெரியாது. நாம்தான் ஒருதரம் காட்டிக் கொடுக்க வேண்டும். வண்டியைக் கையால் மட்டத்துக்குக் கொண்டுவந்து, நீர்மட்டம் வைத்துப் பார்த்து, பெட்டிக்குள் இருக்கிற மூன்று திருகாணிகளைப் பச்சை விளக்கு எரியும்வரை திருப்ப வேண்டும். அதன்பிறகு அது சாகும்வரை அந்த மட்டத்தைத்தான் மட்டம் என்று நம்பும்.

ஆனி மாதத்து ஞாயிறு ஒன்றில் பட்டறை வளவில் இதைச் செய்தேன். ஈஸ்வரிக்கு வீடு என்று ஒன்று வெளியே அமைகிறது, பால் காய்ச்சாமல் எப்படி என்று முருகேசு அண்ணை கேட்டார். கோயிலில் ஐயருக்கு உதவியாக நிற்கிறவர், பஞ்சாங்கம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். ஒன்பது பேர் வந்தார்கள். ஈஸ்வரி வரவில்லை, வீட்டில் இருந்து கும்பிட்டாள். பத்துக்குப் பத்து நிமிடம் இருக்க நான் கையால் மட்டம் பிடித்துவிட்டேன். குமிழ் நடுவில் நின்றது. ஆனால் புது எண்ணெய்க்குள் காற்று நிற்கும். ஒரு மணித்தியாலம் விட்டு, காற்றை வெளியேற்றி, திரும்ப மட்டம் பார்த்துத்தான் திருகாணியில் கை வைக்க வேண்டும். லொறித் தட்டென்றால் நான் அப்படித்தான் செய்வேன்.

"தம்பி, பத்து இருபத்திநாலோடை நல்ல நேரம் முடியுது. அதுக்குப் பிறகு ராகு காலம்போலை ஒரு கெட்ட நேரம். உன்ரை மெசினை அதுக்கு முதல் வேலை செய்யப் பண்ணிப்போடு," என்றார் முருகேசு அண்ணை.

"கொஞ்சம் பொறுக்கோணும் அண்ணை."

"மனுசியின்ரை சுகத்துக்குத்தானே செய்யிறாய்? அதிலை பொறுமை பார்ப்பியோ?"

அந்தக் கதைக்குப் பிறகு நான் பெட்டியின் மூடியைக் கழற்றினேன். ஒன்பது பேரும் வண்டிக்குள் ஏறினார்கள். ஏறியவர்கள் எல்லாரும் அடுப்பும் முருகன் படமும் இருந்த குசினிப் பக்கமாகவே நெருக்கியடித்து நின்றார்கள். காற்று நின்ற ஜக்குகள் பஞ்சுத் தலையணைபோல அந்தப் பக்கம் பதிந்தன. நான் பெட்டி பூட்டியிருந்த அலுமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு திருகாணியைத் திருப்பினேன். நேரம் போகுது, நேரம் போகுது என்று பின்னால் சத்தம். பத்து இருபத்திரண்டுக்குப் பச்சை எரிந்தது. அதே நேரம் பாலும் பொங்கியது. அடுப்பில் பானையின் ஒரு பக்கத்தால் மட்டும் வழிந்தது.

"கிழக்காலை பொங்குது! இனி என்ன வேணும்?" என்று முருகேசு அண்ணை கைதட்டினார்.

நானும் கைதட்டினேன். நீர்மட்டம் என் முழங்காலுக்குப் பக்கத்தில்தான் கிடந்தது. எடுத்து ஒருதரம் வைத்துப் பார்க்க இரண்டு நிமிடம் போகாது. பார்க்கவில்லை. திருகாணி அசையாமல் சிவப்புப் பெயின்ற் பூசி, மூடியை இறுக்கினேன். சனங்கள் இறங்கியதும் மெசின் தன்பாட்டில் உறுமி, தனக்குக் காட்டிக் கொடுத்த மட்டத்துக்கே வண்டியைத் திரும்பக் கொண்டுவந்து நிறுத்தியது. பச்சை எரிந்தது. பால் ஏன் ஒரு பக்கத்தால் மட்டும் வழிந்தது என்று மட்டம் பார்க்கிற மகாராசன் யோசிக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை ஈஸ்வரியைப் பரீட்சை பார்க்கக் கூட்டிப்போனேன். ஆஹென் போகிற வழியில் ஏரிக்கரையோடு ஒரு புல்வெளி, வோன்வாகன்கள் நிறுத்துகிற இடம். அவள் எங்கள் மாடிப்படி முழுவதையும் உட்கார்ந்தபடியே ஒவ்வொன்றாக நகர்ந்து இறங்கினாள். காரின் பின் ஆசனத்தில் முகத்தைச் சால்வையால் மூடிக்கொண்டு ஒன்றேகால் மணித்தியாலம் கிடந்தாள். ஒரு முனகல் இல்லை. கலியாணத்துக்கு உடுக்கப்போகிற கத்தரிப்பூக் கலர்ச் சேலையையும் பையில் எடுத்து வந்திருந்தாள். அதைக் கட்டிக்கொண்டு பத்தடி நடந்து பழக வேண்டும் என்றாள். ஆறு வருடத்தில் அவள் ஆசைப்பட்டுச் சொன்ன ஒரே விசயம் அது.

நான் பொத்தானை அமத்தினேன். நாலு காலும் இறங்கிப் பச்சை எரிந்தது. அவளைத் தூக்கிப்போய் வண்டிக்குள் கட்டிலில் இருத்தினேன். காற்றாடக் கதவைத் திறந்து வைத்தேன்.

"இப்ப கண்ணைத் திறவும். பாரும், எவ்வளவு மட்டம் எண்டு."

திறந்தாள். எழுந்து நின்றாள். இரண்டடி வைத்தாள். குசினிப் பக்கமாக விழுந்து, அடுப்பு விளிம்பைப் பிடித்துத் தொங்கினாள்.

"இஞ்சாலை சரியுதப்பா."

"இல்லை. பச்சை லைற் எரியுது, பாரும்."

"இஞ்சாலை, குசினிப் பக்கமா. எனக்கு நல்லாத் தெரியுது. அந்த நீர்மட்டத்தை ஒருக்கா வைச்சுப் பாருங்கோவன்."

நீர்மட்டம் பட்டறையில் கிடந்தது. வேண்டுமென்றேதான் கொண்டுவரவில்லை. இவ்வளவு பெரிய மெசின் வைத்திருக்கிறவனுக்கு அந்தத் தடி எதற்கு?

"அதைவிடத் திறமானது இது. அது கண்ணாலை பார்க்கிறது, இது கணக்காப் பார்க்கிறது," என்றேன்.

அன்று இரவும் அடுத்த நாள் பகலும் அவள் கட்டில் சட்டத்தைப் பிடித்தபடியே கிடந்தாள். குடித்த தண்ணீரும் தங்கவில்லை. ஒவ்வொரு முறை கண் திறக்கும்போதும் அதையே சொன்னாள், குசினிப் பக்கம், குசினிப் பக்கம் என்று. வேறு பக்கம் ஒருதரம்கூடச் சொல்லவில்லை. சுற்று வருகிற மனிசருக்கு எல்லாப் பக்கமும்தான் சரியும் என்று எனக்குத் தெரியும். அதைக்கூட நான் யோசிக்கவில்லை. நாலு மாதச் சனிக்கிழமைகள்தான் மண்டைக்குள் நின்றன. கையைக் கிழித்து, கண்ணில் இரும்புத்தூள் விழுந்து செய்த சாமானை இவள் குறை சொல்கிறாளே என்று எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"உன்ரை தலைதான் சரிஞ்சு கிடக்குது! வண்டியில்லை! டொக்ரர் சும்மாவே கடிதம் எழுதினவர்?"

பக்கத்து வண்டி ஜெர்மன் மனுசி கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்று எங்களைப் பார்த்தாள். ஈஸ்வரி பச்சை விளக்கைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவள் கட்டில் சட்டத்தைவிட்டுக் கையை எடுக்கவில்லை.

"ஓமப்பா," என்றாள். "வண்டி நேராத்தான் இருக்கு."

அந்தச் சேலையைப் பையில் இருந்து எடுக்காமலே திரும்பிவிட்டோம். வீட்டுக்கு வந்தபிறகு அவள் நிலம் சரிகிறது என்று சொல்வதை விட்டுவிட்டாள். நீர்மட்டத்தையும் கேட்கவில்லை. சுவரைப் பிடித்துக் கழிப்பறைக்குப் போவாள், வந்து படுப்பாள். எனக்கு அது நல்ல குணமாகத் தெரிந்தது. அம்மா இப்ப அமைதியா இருக்கிறா என்று, வேலைக்காக வேறு ஊரில் இருந்த மகளுக்கு நானே ரெலிபோனில் சொன்னேன். சொன்ன வாயைக் கழுவ வேண்டும்.

கலியாணத்துக்கு இரண்டு கிழமை இருக்க, ஆதிரை ரெலிபோனில் கெஞ்சினாள்.

"அம்மா, பத்தடிதானே. நான் வந்து பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போறன்."

"வேண்டாம் பிள்ளை. எனக்கு மண்டை பிழை. இல்லாததெல்லாம் இருக்கிற மாதிரித் தெரியுது. சபையிலை விழுந்தால் உனக்குத்தான் அவமானம்," என்றாள் ஈஸ்வரி. அழவில்லை. அடுத்த வீட்டு ஆளைப்பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள்.

ஆஹெனில் மகளை முருகேசு அண்ணையும் அவர் மனைவியும் தாரை வார்த்துக் கொடுத்தார்கள். அந்த அக்கா தண்ணீர் வார்த்தபோது பாதி மாப்பிள்ளையின் வேட்டியில் ஊற்றியது. நான் முன்வரிசைக் கதிரையில், கலியாணம் பார்க்க வந்தவன்போல இருந்தேன். பெண்ணின் தகப்பன் எங்கே என்று மாப்பிள்ளை பக்கத்துக் கிழவர் ஒருவர் என்னிடமே கேட்டார். மண்டப வாசலில் வோன்வாகனுக்கென்று சுகிர்தன் கயிறு கட்டி வைத்திருந்த இடம் கடைசிவரை வெறுமையாகக் கிடந்தது. எங்கள் ஊர்த் தட்டிவான் பஸ்கூட நிறுத்தலாம், அவ்வளவு மட்டமான இடம்.

ஐப்பசியில் வோன்வாகனை விற்க விளம்பரம் போட்டேன். ஓய்வுபெற்ற தச்சர் ஒருவர், ஜெர்மன்காரர், மனைவியோடு பட்டறைக்கு வந்தார். நான் பொத்தானை அமத்தி என் வித்தையைக் காட்டினேன். பச்சை எரிந்தது. மனுசன் விளக்கைப் பார்க்கவே இல்லை. சட்டைப் பையில் இருந்து சுண்டுவிரல் நீளத்தில் ஒரு நீர்மட்டத்தை எடுத்துத் தரையில் வைத்தார். குமிழ் ஒரு கரையில் போய் ஒட்டிக்கொண்டது. திருப்பி வைத்தார். அப்பவும் அதே பக்கம்தான்.

"குசினிப் பக்கம் சரிவு," என்றார் ஜெர்மனில். "இந்த அகலத்துக்கு மூன்று விரல் இருக்கும். விளக்கைச் சரிப்படுத்திவிடுங்கள், சின்ன வேலைதானே. அடுத்த கிழமை வருகிறோம்."

அவர்கள் போனபிறகு பட்டறையின் பெரிய நீர்மட்டத்தைக் கொண்டுவந்து வைத்தேன். மூன்று விரல். திரும்பத் திரும்ப வைத்தேன். மூன்று விரல். அப்போதுதான் ஒரு பக்கத்தால் வழிந்த பாலும், நாங்கள் கைதட்டியதும் ஞாபகம் வந்தது. அடுப்படியில் நின்ற ஒன்பது பேரும் ஞாபகம் வந்தார்கள். அந்த இடத்திலேயே நிலத்தில் இருந்துவிட்டேன். இரண்டு நாளாக ஒரு பொம்பிளை உண்மையையே சொல்லிக்கொண்டு கிடந்தாள். ஆயிரம் டொக்ரர் கெட்டுப்போன காது என்ற அந்தக் காது, என் மெசினைவிடத் திறமாக வேலை செய்திருக்கிறது. அதை நான் சத்தம் போட்டு வாயடைக்கப் பண்ணினேன். என்னைச் செருப்பால் அடிக்க ஆள் இல்லை.

பாதி வேலையில் வீட்டுக்கு ஓடினேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

"ஈஸ்வரி, எழும்பும். ஒண்டு சொல்லோணும். அண்டைக்கு அந்த வோன்வாகன் சரிஞ்சுதான் இருந்தது. குசினிப் பக்கமா, நீர் சொன்ன மாதிரியே. மூண்டு விரல். நான்தான் பிழையா வைச்சனான்."

மெல்லத் திரும்பினாள். பிறகு என் கைமேல் கையை வைத்தாள்.

"பரவாயில்லையப்பா. எனக்காக நீங்கள் இப்பிடி ஒண்டும் சொல்லத் தேவையில்லை. கலியாணம் நல்லா முடிஞ்சுதுதானே. பிள்ளையும் கோவிக்கேல்லை."

"உமக்காகச் சொல்லேல்லை. உண்மையைச் சொல்லுறன்."

"லைற் எரிஞ்சதை நானும் பார்த்தனான்."

"லைற் பிழையப்பா!"

"உங்கடை கையாலை செய்தது பிழைக்குமோ?"

நான் உட்கார்ந்து முதலில் இருந்து சொன்னேன். எண்ணெய்க்குள் நின்ற காற்று, பத்து இருபத்திநாலு, அடுப்படியில் நெருக்கி நின்ற சனம், பொங்கின பால், தச்சர். அவள் காய்ச்சல்காரன் புலம்புவதைக் கேட்பதுபோலப் பொறுமையாகத் தலையாட்டிக் கேட்டாள். கேட்டு முடிந்ததும், "நல்லாக் களைச்சுப்போனியள். சாப்பிட்டியளே?" என்றாள்.

எனக்குத் தாங்கவில்லை. பாழாய்ப்போன என் குணம் அந்த நேரத்திலும் என்னை விடவில்லை.

"சரிஞ்சுதான் இருந்தது எண்டு சொல்லுறன்! உனக்கு விளங்குதா இல்லையா? உன்ரை தலையிலை ஒரு பிழையும் இல்லை! நீ சொன்னதுதான் சரி!"

சத்தம் எனக்கே காதை அடைத்தது. அவள் கை என் கையை விட்டுக் கட்டில் சட்டத்தைப் பிடித்தது.

"ஓமப்பா," என்றாள். "வண்டி சரிஞ்சுதான் இருந்தது."

சொல்லிவிட்டு, சரியாகச் சொன்னேனா என்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.